நிலம் உள்வாங்கினால்

வீட்டுக்கு இன்சூரன்ஸ் என்பதே அமுதவல்லிக்குப் பாதி புரிந்தும் பாதி புரியாத சமாச்சாரம்தான். கடன் கொடுத்த பேங்குக்காரர்கள் கையோடு அதையும் சேர்த்துத் தலையில் கட்டிவிட்டார்கள்; அது பாட்டுக்கு வருடா வருடம் ஓடிக்கொண்டிருந்தது. புதுப்பிக்கிற மாதம் வந்தால் ஏஜெண்ட் ஈஸ்வர் பைக்கில் வருவான். தீப்பிடித்தால் உண்டு, இடி விழுந்தால் உண்டு, வெள்ளம் வந்தால் உண்டு என்று ஒப்பிப்பான். சேந்தமங்கலத்துக்கு வெள்ளம் வருவதற்குள் நமக்குப் பேரன் பேத்தி பிறந்துவிடும் என்று அவள் சிரிப்பாள். அவனும் சிரித்து, காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவான். இந்த வருடம் காபி ஆறுகிற வரைக்கும் அவன் பேச்சையே ஆரம்பிக்கவில்லை.

"அக்கா, புதுசா ஒண்ணு சேத்திருக்கறாங்க. விருப்பப்பட்டாப் போட்டுக்கலாமுங்க, இல்லீன்னா உட்டுரலாம். கட்டாயமெல்லாம் இல்லீங்க."

"என்னதுங்க தம்பி அது?"

"நெலம் உள்வாங்குனாங்க்கா."

கடல் உள்வாங்கியதாக டிவியில் கேட்ட ஞாபகம் அமுதவல்லிக்கு இருந்தது. நிலம் எங்கே போய் எதை உள்வாங்கும் என்று அவளுக்குப் புரியவில்லை. ஈஸ்வர் உள்ளங்கையைத் தரைக்கு மேலாகப் பரப்பிக் காட்டி, சடாரென்று கீழே இறக்கினான். வீட்டுக்கு அடியில் மண் இறங்கி, குழி விழுந்து, தரையோ சுவரோ போய்விட்டால் பழைய பாலிசியில் ஒன்றும் கிடைக்காது. இதைத் தனியாகச் சேர்த்துக்கொண்டால் கிடைக்கும். கூடுதலாகக் கட்ட வேண்டியதும் பெரிய தொகை இல்லை.

வேறு வருடமாக இருந்தால் அவனைக் கேலி செய்து அனுப்பியிருப்பாள். ஆனால் புரட்டாசிக் கடைசியில் விடாமல் பெய்த மழையில் நிலா நகர் நாலாவது வீதியில் தார் ரோடு பொத்துக்கொண்டிருந்தது. முதல் நாள் அது குண்டான் வாய் அளவுதான் இருந்தது. மறுநாள் அண்டா இறங்குகிற அளவுக்கு ஆகிவிட்டது. பால்காரர் வண்டியின் முன்சக்கரம் அதில் இறங்கி, கேன் பால் முழுவதும் மண்ணோடு போயிற்று. பஞ்சாயத்தில் கிராவல் கொட்டி மூடினார்கள். அடுத்த மழைக்குக் கிராவலையும் காணோம். தண்ணீர்க் குழாய் உடைந்து மண்ணை அரித்துவிட்டது என்று பாதிப் பேர் சொன்னார்கள். அடியில் ஏதோ பழைய கிணறு கிடக்கிறது என்று மீதிப் பேர் சொன்னார்கள். அமுதவல்லியின் வீடு இரண்டாவது வீதியில். இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது.

"போட்டுக்கலாம்னுதானுங்க தோணுது," என்றாள்.

"சித்தெ பொறுங்கக்கா. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கோணும். இந்த எடத்துல முந்தி கெணறு, கல்லுக்குழி, அந்த மாதிரி ஏதாச்சும் இருந்து மூடுனாங்களா? உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சாச் சொல்லிப்போடோணும். கம்பெனில இருந்து ஆள் வந்து பாப்பாங்க. அநேகமாக் குடுக்க மாட்டாங்க."

"தெரியாட்டி?"

"தெரியாட்டிப் பிரச்சனையே இல்லீங்க. இப்பவே போட்டுக்கலாம்."

"தெரிஞ்சுக்கிட்டே தெரியாதுன்னு சொன்னா?"

"நாளைக்கு ஏதாச்சும் ஆயி, விசாரிச்சாங்கன்னா அவ்வளவுதானுங்க. மறைச்சதா ஆயிரும். ஒண்ணும் வராது."

அமுதவல்லி இதை மனசுக்குள் போட்டு உருட்டிப் பார்த்தாள். கிணறு இருந்தால்தான் இது வேண்டும். கிணறு இருப்பது தெரிந்துவிட்டால் இது கிடைக்காது. தெரியாதவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். சரி, தெரியாத கிணற்றுக்கு எதற்காக ஒருத்தர் பயந்து காசு கட்ட வேண்டும்? சத்துணவு மையத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அரிசி பருப்பைப் பிசகாமல் அளந்து போடுகிறவளுக்கு, இந்தக் கணக்கு எந்தப் பக்கம் பிடித்தாலும் கையை விட்டு வழுக்கியது.

"உங்களுக்கென்னங்கக்கா," என்று ஈஸ்வர் எழுந்தான். "சைட்டுப் போட்டதே உங்கண்ணன்தானுங்களே. ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்லுங்க. அஞ்சாறு நாளு கழிச்சு நானே போன் பண்றேன்."

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லா வில்லங்கமும் இருந்தது.

அமுதவல்லி மோகனூர் அன்பரசுவைத் தானாக விரும்பிக் கட்டிக்கொண்டவள். அப்பா அதற்குப் பிறகு வருடக்கணக்காக அவள் பெயரையே வாயில் எடுக்கவில்லை. அம்மா போனபோதுகூட அவள் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தாள். நடுவில் நின்று அப்பாவோடு சண்டை பிடித்து, ஒரு பொங்கலன்று நேரில் வந்து அவள் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனது அண்ணன் அருணகிரி. அப்பா காலத்துக்குப் பிறகு, ஊருக்கு மேற்கே கிடந்த நிலத்தைப் பிரித்துச் சைட்டுப் போட்டு, தன் மகள் பெயரால் நிலா நகர் என்று போர்டு வைத்ததும் அவர்தான். தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் அமுதவல்லி கையெழுத்துப் போட்ட அன்றைக்கே, இரண்டாவது வீதியில் கிழக்குப் பார்த்த மூலைச் சைட்டு ஒன்றை அவள் பேருக்கு எழுதி வைத்தார். கேட்காமலே கொடுத்தார். எந்த ஊரில் அண்ணன் தங்கச்சிக்கு இப்படிச் செய்கிறான் என்று ஒரம்பரை, சொந்தபந்தம் முழுக்க அதே பேச்சு. வீட்டுக்கு வருகிறவர்கள் உட்காருவதற்குள் "எங்கண்ணன் குடுத்த எடமுங்க" என்று சொல்லிவிடுவது அமுதவல்லிக்கு வழக்கமாகிவிட்டது.

அந்த அண்ணனிடம் போய், நீங்கள் கொடுத்த இடத்துக்கு அடியில் கிணறு இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? எவ்வளவு தேன் தடவிக் கேட்டாலும் அது குற்றம் சாட்டுகிற மாதிரிதான் இருக்கும். கேட்காமல் பேசாமல் போட்டுக்கொள்ளலாம் என்றால், ஈஸ்வர் நிலா நகர் முழுக்க வியாபாரம் செய்கிறவன். அருணகிரியின் தங்கச்சியே போட்டுவிட்டார்கள் என்று அடுத்த வீட்டில் சொல்லாமல் இருப்பானா? சாயங்காலத்துக்குள் அண்ணன் காதுக்குப் போய்விடும். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது அவர் ஒருத்தர்தான். ஒரு தடவை இழந்து திரும்பக் கிடைத்ததை இன்னொரு தடவை இழக்க அவளுக்குத் தெம்பில்லை. அதே சமயம், படுத்திருக்கிற தரை என்றைக்கு இறங்கும் என்று தெரியாமல் படுத்திருக்கவும் முடியவில்லை.

அன்பரசுவிடம் சொன்னாள். அவர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் மேஸ்திரி. அந்த ஊரில் எல்லோருக்கும் போல அவருக்கும் இன்சூரன்ஸ் என்றால் லாரி இன்சூரன்ஸ்தான். மற்றதெல்லாம் அதன் சின்னச் சின்னக் குட்டிகள்.

"தேர்டு பார்ட்டி மட்டும் போட்டாப் பத்தாதா?" என்று கேட்டார்.

"ஊட்டுக்கு ஏதுங்க தேர்டு பார்ட்டி? ஊடு ஓடிப் போயி யாரு மேல மோதுது?"

"ஊடு மோதாது. கெணறு வந்து மோதுதுன்னு வெய்யி. அப்பத் தப்பு கெணத்து மேலதான? கெணறு யாரு பேர்ல இருந்துச்சோ அவுங்கதான் கட்டிக் குடுக்கோணும். அதுதான் நாயம்."

ரொம்ப சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக நினைத்து மீசையைத் தடவியவருக்கு, அப்படி ஒரு கிணறு இருந்திருந்தால் அது யார் பேரில் இருந்திருக்கும் என்பது ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

"அதெல்லாம் போயி மச்சானைக் கேட்டுக்கிட்டு இருக்காத," என்றார் கை கழுவும்போது. "ஒண்ணும் இருக்காது."

சொன்னவர் மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, டயரில் காற்று இருக்கிறதா என்று கிளீனர் தட்டிப் பார்ப்பது போல, ஹாலில் குதிகாலால் தட்டிக்கொண்டே நடந்தார். அவர் போன பிறகு அமுதவல்லியும் தட்டிப் பார்த்தாள். ஒரு டைல்ஸ் ணங்கென்றது, பக்கத்து டைல்ஸ் தொப்பென்றது. எந்தச் சத்தம் நல்ல சத்தம் என்று யார் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் விட்டுவிட்டுப் போனாள்.

பள்ளிக்கூடத்தில் உஷாராணி டீச்சர் நிலா நகரிலேயே மூன்றாவது வீதியில் இருக்கிறவர். "கண்ண மூடிக்கிட்டுப் போட்டுருங்க அமுதா, நிம்மதியாத் தூங்கலாம்," என்றார். அமுதவல்லிக்கு மனசு லேசாயிற்று. மத்தியானம் சாம்பார் ஊற்றுகிற நேரத்துக்கு டீச்சர் திரும்ப வந்து, "நான் யோசிச்சுப் பாத்தேன், போடாதீங்க," என்றார். நாளைக்கு வீட்டை விற்கப் போனால், இதை எதற்குப் போட்டீர்கள் என்று வாங்குகிறவன் கேட்பான் இல்லையா? "அப்ப நீங்க போடறீங்களா டீச்சர்?" என்று கேட்டதற்கு, "எங்க ஊட்டுக்காரர் கிட்டக் கேக்கோணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். படித்தவர்களிடம் கேட்டால் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் கிடைக்கும் என்பது மட்டும்தான் அமுதவல்லிக்கு அன்றைக்கு உறுதியானது.

கடைசியில் அவளுக்குத் தெளிவு வந்தது ஒரு சொல்லிலிருந்து.

இந்தப் பக்கத்தில் காடு என்றால் புலி கரடி திரிகிற காடு இல்லை. மழைக்காக மானத்தைப் பார்த்து விதைக்கிற நிலம் காடு. கிணறு வெட்டித் தண்ணீர் பாய்ச்சுகிற நிலம் தோட்டம். வெளியூர்க்காரர்களுக்கு இரண்டும் ஒன்றாகப் படலாம். இங்கே பெண் கொடுக்கப் போகிற இடத்தில், காடு எத்தனை, தோட்டம் எத்தனை என்று பிரித்துத்தான் விசாரிப்பார்கள். காட்டைத் தோட்டம் என்று சொல்லி மாட்டிக்கொண்டால் பேச்சு அதோடு முறிந்துவிடும். நிலா நகர் இருக்கிற நிலத்தை அமுதவல்லியின் வீட்டில் என்றைக்கும் மேக்காடு என்றுதான் சொன்னார்கள். அவளே அங்கே சோளத்தட்டுக் கட்டியிருக்கிறாள், கடலைக்காய் பறித்திருக்கிறாள். குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்து குடத்தில் தூக்கிக்கொண்டு போன நிலம் அது. காடு என்றால் கிணறு கிடையாது. இதற்கு அண்ணனை எதற்குக் கேட்க வேண்டும், ஈஸ்வரை எதற்குக் கேட்க வேண்டும்?

இவ்வளவு சுலபமானதை இத்தனை நாள் குழப்பிக்கொண்டோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள்.

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. ஒரு மாதம் கறி தின்னாமல் இருந்த ஊர் மொத்தமும் கோழிக்கடையில் நின்ற நாள். அண்ணன் வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அன்பரசு அவசர லோடு வண்டி ஒன்றுக்குக் கதவு மாட்டப் போய்விட்டார். அமுதவல்லி மட்டும் போனாள். சமையல்கட்டில் அண்ணன் மனைவி ஜோதி குழம்புக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"பாருங்க, எத்தனூண்டு காயி. இதுக்குப் போயி இந்த வெலை," என்று ஜோதி அலுத்துக்கொண்டாள். "நம்ம தோட்டத்துல தென்னை இருந்தப்ப நாம எங்க காயி வாங்குனோம்?"

"எந்தத் தோட்டமுங்க நங்கையா?"

"நம்ம மேக்கால தோட்டந்தான். இப்ப நீங்க ஊடு கட்டி..." என்று ஆரம்பித்த ஜோதி, தேங்காய் மூடியைச் சட்டென்று கீழே வைத்தாள். "ஐயோ, சோறு வடிக்கோணும்," என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அரிசி இன்னும் கொதிக்கவே இல்லை.

அமுதவல்லி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டை விட்டு அவள் வெளியே போன பிறகு அதற்குள் வந்தவள் ஜோதி. போனவள் நாவில் காடாகவே நின்றுபோன நிலம், வந்தவள் நாவில் தோட்டமாக இருந்தது. அப்பா பேசாமல் இருந்த அந்த வருடங்களில் அங்கே கிணறு வெட்டியிருக்கிறார்கள், தென்னை வைத்திருக்கிறார்கள், தண்ணீர் வற்றித் தென்னை காய்ந்திருக்கிறது. திரும்பிச் சேர்ந்த பிறகு அவள் பொங்கலுக்கும் நோம்பிக்கும் வந்து வீட்டோடு போனாளே தவிர, நிலத்துப் பக்கம் போக என்ன வேலை இருந்தது? சைட்டுக் கல் நட்ட பிறகுதான் அந்த மண்ணில் அவள் மறுபடி கால் வைத்தாள். தன்னை விலக்கி வைத்ததற்காக அப்பா மேல் பழைய கோபம் ஒன்று இருந்தது. இத்தனை வருடம் கழித்து அது இப்படிக் கிணறாக வந்து நிற்கும் என்று யார் கண்டார்கள்.

இலை போட்டு உட்கார்ந்தபோது, எப்படியோ கேட்டேவிட்டாள். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொல்ல முயன்றாள்.

"ஏனுங்கண்ணா, மேக்காட்டுல கெணறு இருந்துச்சுங்களா?"

அருணகிரி பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோய், மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்தார். ஆள் நல்ல உயரம், நல்ல உடம்பு. பேச்சு எப்போதும் சாவகாசமாகத்தான் வரும்; தங்கச்சியைச் செல்லமாகச் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

"இருந்துச்சு சாமி. அப்பன் வெட்டுனாரு. தண்ணி பத்து வருசம்கூட நிக்கல. சைட்டுப் போட்டப்ப மூடியாச்சு."

"எந்தப் பக்கமுங்க?"

"ரோட்டுல போயிருச்சு. நாலாவது வீதி. அதுதான் இப்பப் பொத்துக்கிட்டு நிக்குது. பஞ்சாயத்துக்காரனுக்கு நாஞ்சொல்லியிருக்கறேன், கெட்டியாக் கல்லுப் போட்டு அடைக்கச் சொல்லி. கறி போட்டுக்க."

அமுதவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாலாவது வீதி! குழி விழுந்த இடம்தான் கிணறு இருந்த இடம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு வார்த்தை கேட்க இத்தனை நாள் பயந்தோமே, கேட்டால் அண்ணன் கோபித்துக்கொள்ளவும் இல்லையே என்று நெகிழ்ந்துபோனாள். இரண்டாவது தடவை கறி போட்டுக்கொண்டாள். போகும்போது ஜோதி தூக்குப் போசியில் குழம்பு கொடுத்தனுப்பினாள். வழியெல்லாம் கொல்லிமலை மேல் மேகம் இறங்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நாளைக்கு ஈஸ்வர் போன் பண்ணினால், நமக்குத் தேவையில்லை தம்பி என்று சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலையில் அன்பரசு பட்டறைக்குப் போன பிறகு, அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வரும்போது, வாசலில் அண்ணனின் புல்லட் வந்து நின்றது.

"வாங்கண்ணா. உள்ள வாங்க."

"இருக்கட்டும் சாமி. இங்கியே காத்தா இருக்குது."

ஐப்பசி மாதத்துக் காலை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. காற்றுக்காக யாரும் வெளியில் உட்கார்கிற காலம் இல்லை. அவர் போர்டிகோவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நேத்துச் சாயங்காலம் அந்த ஈஸ்வரைக் கடைவீதில பாத்தேன். ஏதோ புதுசா ஒண்ணு சொன்னானாமே. நெலம் எறங்குனா காசு தர்றதாட்ட."

"ஆமாங்கண்ணா. அது நமக்கு வேண்டாமுன்னு..."

"போட்டுரு."

அமுதவல்லி அவரைப் பார்த்தாள். அவர் புல்லட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்கண்ணா? கெணறு நாலாவது வீதிலதான இருக்குது?"

"இருந்தா என்ன? ஒரு பாதுகாப்புக்குத்தான். போட்டு வெச்சுக்க."

"அப்ப நாலாவது வீதிக்காரங்களையும் போடச் சொல்லிட்டீங்களா?"

"அவுங்களுக்கு எதுக்கு?" என்றார் அருணகிரி.

அந்தச் சொல் வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அது என்ன சொல் என்று அவருக்கே தெரிந்தது போலிருந்தது. கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அமுதவல்லி மெதுவாகக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாதவங்களுக்கு மட்டுந்தானுங்கண்ணா அதைக் குடுப்பாங்க. அடியில கெணறு இருக்கறது தெரிஞ்சாச் சொல்லிப்போடோணுமாமா. சொன்னாக் கெடைக்காதாமா."

அருணகிரிக்கு இது புதுச் செய்தி. காசு கட்டினால் காப்பாற்றுவார்கள் என்பதுதான் அவருக்குத் தெரிந்த இன்சூரன்ஸ். நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"தெரியாதுன்னு சொல்லிரு."

"நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாதுங்கண்ணா."

"இப்ப மட்டும் என்ன தெரிஞ்சுபோச்சு? நான் ஒண்ணுமே சொல்லலியே."

"போடச் சொன்னீங்களே."

தூறல் வலுத்தது. புல்லட் சீட்டில் தண்ணீர் சேர்ந்தது. அதைத் துடைக்க எழுந்தவர், துடைக்காமல் மறுபடி உட்கார்ந்தார். பேசும்போது அவருடைய சாவகாசம் எல்லாம் போயிருந்தது.

"வேத்தாளுக்கு வித்தா அது ஏமாத்து வேலை சாமி. காசை வாங்கிப் பையில போட்டுக்கிட்டுக் கெணத்தைத் தூக்கிக் குடுத்த மாதிரி ஆயிரும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாமுன்னுதான். உனக்கு நான் வித்தனா? ஒத்த ரூவா வாங்குனனா? குடுத்தேன். கல்லும் மண்ணுமாப் போட்டு, தண்ணி உட்டு, கெட்டியா எறங்குன பொறவுதான் உன்ற பேருக்கு எழுதுனேன். ஒண்ணும் ஆகாதுன்னு நம்பித்தான் குடுத்தேன்."

நேற்றுப் போல இப்போது அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அமுதவல்லிக்குத் தாங்க முடியாததாக இருந்தது. விற்றால் பாவம், கொடுத்தால் இல்லை என்று இந்த மனுஷன் உண்மையிலேயே நம்பி, இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். பொங்கலன்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவரும் இவர்தான். கிணற்றின் மேல் கொண்டுவந்து உட்கார வைத்தவரும் இவர்தான். யார் மேல் கோபப்படுவது, யாருக்கு நன்றி சொல்வது என்று பிரிக்கவே முடியவில்லை. ஆனால் கோபம் வந்தது.

"நெலாவுக்கு இந்த சைட்டைக் குடுத்திருப்பீங்களாண்ணா?"

அருணகிரிக்குக் கண் கலங்கியது போலிருந்தது. தூறல் தெறித்ததாகவும் இருக்கலாம்.

உள்ளே டேபிள் மேல் இருந்த போன் அடித்தது. எட்டி எடுத்தாள். ஈஸ்வர்தான்.

"அக்கா, என்னங்க முடிவு பண்ணுனீங்க? கேட்டீங்களா, கெணறு கிணறு ஏதாச்சும்..."

"இருந்துச்சுங்க தம்பி. எங்க ஊட்டுக்கு அடியில."

ஈஸ்வர் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இதை எங்கிட்டச் சொல்லீட்டீங்கன்னா நான் கம்பெனிக்கு எழுதியாகோணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நெசமாலுமே உங்களுக்குத் தெரியுங்களா, இல்ல ஊர்க்காரங்க பேசறதுங்களா?"

யோசித்துப் பார்த்தால், தெரியாது என்று சொல்ல இன்னும் வழி இருந்தது. அண்ணன் வாயைத் திறந்து இந்த இடம் என்று சொல்லவில்லைதான். இப்படியே விட்டால் ஊரில் அவர் மானமும் போகாது, தன் பிறந்த வீடும் போகாது, பாலிசியும் கைக்கு வரும். தரை இறங்குகிற அன்றைக்கு மட்டும் அதனால் ஒரு பிரயோசனமும் இருக்காது.

"தெரியுமுங்க தம்பி."

"எந்தப் பக்கமுங்க? எத்தனை ஆழம்? கேப்பாங்க, அதுக்குத்தான்."

"அது எனக்குத் தெரியாதுங்க," என்றாள் அமுதவல்லி. போனை அண்ணன் முன்னால் நீட்டினாள்.

அருணகிரி போனைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். வாங்க மாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் இரண்டு கையாலும் அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, அருணகிரி பேசறனுங்க. எழுவது அடி. பின்னால, சமையக்கட்டுக்கு நேரா அடியில." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூடுனது நாந்தானுங்க. எழுதிக்குங்க."

போனை அவர் திருப்பிக் கொடுத்தபோது, உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. தீய்ந்த வாசனை வந்தது. அமுதவல்லி திரும்பினாள். ஹால் முழுக்க டைல்ஸ், அதற்கு அந்தப் பக்கம் சமையல்கட்டு. தினமும் நடக்கிற தூரம்தான். ஆனாலும் கால் வாசற்படியைத் தாண்ட மறுத்தது.

"நீ நில்லு சாமி," என்று அருணகிரி எழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, அவளை ஒதுக்கிக்கொண்டு, அந்தக் கனத்த உடம்போடு உள்ளே நடந்தார். சமையல்கட்டு நிலையருகே ஒரு கணம் தயங்கி, உள்ளே காலை வைத்தார்.

"அண்ணா, பாத்துங்க," என்று அவளையறியாமல் அமுதவல்லியின் வாயிலிருந்து வந்தது.